முந்திரிக்கொத்து வெடித்த மதியம்

அவிநாசி ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கையில் பயற்றமாவு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தேன். காலில் செருப்பு இல்லை. அது பெரியம்மா வீட்டுப் பின்பக்கம் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுக்கப் போனால் எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது கேட்பார்கள். என் கண்பட்டுப் பலகாரம் கெடுகிறது, சுட்டு முடிகிற வரைக்கும் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒருவன் எப்படிச் சொல்வான்?

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் பாத்திரம் தட்டுகிற சத்தம் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் பஸ் சத்தத்தோடு கலந்து தேய்ந்துபோனது. டிசம்பர் வெயில்தான். இருந்தாலும் தார் சுட்டது. மண்ணாகப் பார்த்து ஓரத்தில் நடந்தேன்.

அதற்குப் பிறகு நான் பல இடங்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். ஈரோட்டில் லாரி ஆபீஸ், கொச்சியில் ஓட்டல், பெங்களூரில் கட்டடவேலை. எல்லா இடத்திலிருந்தும் சண்டை போட்டுக்கொண்டோ சலித்துப்போயோதான் கிளம்பினேன். மற்றவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று கிளம்பியது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவும் பெரியப்பாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் திருப்பூருக்கு வந்து இறங்கியவர்கள். பெரியப்பா சில வருஷத்தில் சொந்தமாக மிஷின் போட்டு பனியன் தைக்க ஆரம்பித்து, அனுப்பர்பாளையத்தில் மாடி வைத்து வீடும் கட்டிவிட்டார். அப்பா வந்த புதிதில் எந்தக் கம்பெனியின் கட்டிங் டேபிளில் துணி வெட்ட நின்றாரோ அங்கேயேதான் நின்றார். நாங்கள் லைன் வீட்டில் இருந்தோம். அங்கே அடுப்பை மூட்டினால் ஆள் வெளியே நிற்கவேண்டும், ஆள் உள்ளே வந்தால் அடுப்பை அணைக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து பெரியம்மா வீட்டில்தான் பலகாரம் சுடுவார்கள்.

அச்சுமுறுக்கு, கைமுறுக்கு, அதிரசம் எல்லாம் உண்டு என்றாலும் எங்கள் ஆட்களுக்கு முந்திரிக்கொத்துதான் கிறிஸ்துமஸ். பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் பிசைந்து, உருண்டை பிடித்து, மும்மூன்றாக அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போடவேண்டும். அது வாய்த்தால் வாய்த்தது. வாய்க்காவிட்டால் அந்த வருஷம் முழுக்க அதைப் பற்றிப் பேசுவார்கள். சர்ச்சில் பெரியம்மாவின் முந்திரிக்கொத்துக்கு நல்ல பேர் இருந்தது. தட்டு பெரியம்மாவுடையது, கை அம்மாவுடையது. இதை எல்லோரும் மரியாதையாக மறந்திருந்தார்கள். முந்தின வருஷம் ஒரு கிழவி மட்டும் மறக்காமல், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெரியம்மாவிடமே, “இது உன் ஓரகத்தி கையில்லா, எனக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். நான் சொல்கிற இந்த வருஷம் பாகு கரண்டியைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

அம்மா அன்று காலையில் பஸ்ஸில் வரும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள். “ஏல, பெரியம்மாட்ட ஒண்ணு கேக்கப்போறேன். பலகாரமெல்லாம் முடியட்டும். ஞாயித்துக்கெழமை பெரியப்பாவும் வீட்டுல இருப்பாவ. அவிய மனசு குளுந்திருக்கையில கேக்கணும். நீ அதுவரைக்கும் அண்ணன்கூட வம்பு கிம்பு இழுத்துராத.”

அவள் கேட்கப்போவது என்ன என்று எனக்கும் தெரியும். வருகிற ஜூனிலிருந்து நான் பெரியம்மா வீட்டில் தங்கி, அவர் மகன் படிக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும். பெரியப்பா மனது வைத்தால் நடக்கிற காரியம். பெரியப்பாவின் மனது பெரியம்மாவிடம் இருந்தது.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஆசையா, அவன் மேல் பொறாமையா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் கட்டுகிற டை எனக்கு வேண்டும். அதைவிட முக்கியமாக, அவனிடம் மட்டும் டை இருக்கக்கூடாது. என்னைவிடச் சில மாதமே மூத்தவன், அதற்காக அவனை அண்ணன் என்று கூப்பிடவேண்டியிருந்தது. கேரல் பாட்டில் அவன்தான் தனியாகப் பாடுவான். வீட்டு முன்னால் தொங்கிய நட்சத்திரத்தில் அவனே விளக்கு மாட்டியிருந்தான், நான்கு கலர் மாறி மாறி எரிந்தது. “உனக்கும் ஒரு ஸ்டார் பண்ணித் தரட்டுமாடா?” என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பின்பக்கம் அடுப்பு எரிந்தது. பெரியம்மா பாகு காய்ச்சினார். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எக்கா, இன்னொரு கொதி வரட்டுமேக்கா” என்றாள்.

“ஏட்டி, நான் பாகு காச்சிப் பாத்ததே இல்லையா? நீ உருட்டுத வேலையப் பாரு.”

அம்மா உருட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா, இந்த ஊர்க்காரர், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். “ஏனுங்க்கா, முந்திரிக்கொத்துங்கறீங்க, ஒரு முந்திரியக்கூடக் காணமுங்களே?” என்று கேட்டார்.

“எங்க ஊருல திராட்சையைத்தான் முந்திரிம்பாவ. மூணு மூணா ஒட்டிக்கிட்டுக் கொத்தா இருக்கும்லா, அதான்” என்றார் பெரியம்மா.

“அப்பச் செரீங்க. நாங்கூட நீங்க முந்திரியப் பூராத் தின்னுபோட்டு எங்களுக்கு வெறும் மாவக் குடுக்கறீங்களோன்னு நெனச்சனுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் ஈடு பொன் நிறத்தில் வந்தது.

முதல் ஈட்டை எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாது. துணி போட்டு மூடிவைத்து, ஜெபம் செய்த பிறகுதான் எடுக்கவேண்டும். ஒரு வருஷம் அவசரப்பட்டுக் கையை வைத்ததற்கு அம்மா கரண்டிக்காம்பால் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதே அம்மா அன்று முதல் ஈட்டிலிருந்து ஒரு கொத்தை எடுத்தாள். முந்தானையில் எண்ணெயை ஒற்றினாள். ஊதி ஆறவைத்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“இந்தா ராசா, நீதான் சொல்லணும், எப்படியிருக்கு?” என்று அண்ணனிடம் கொடுத்தாள்.

அவன் செல்போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் வாங்கி, கடித்து, “சூப்பர் சித்தி” என்றான். அம்மா அவன் தலையைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏல, வாயைப் பாத்துகிட்டு நிக்காத, உருட்டு” என்றாள்.

அவள் என்னை ஒருநாளும் ராசா என்று கூப்பிட்டதில்லை. வயிறு எரிகிறது என்று பேச்சுக்குச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். அன்று உண்மையாகவே எரிந்தது. காலையில் சாப்பிடாமல் வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அவன் மெல்லுவதையே பார்த்தேன். இரண்டாவது கடியையும் பார்த்தேன். பிறகு, பார்ப்பதற்கு வேறு இடம் இல்லாமல், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன்.

டப்பென்று ஒரு சத்தம். இரண்டாவது ஈட்டில் ஒரு கொத்து வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. உள்ளேயிருந்த பயறும் கருப்பட்டியும் வெளியே சிதறி, எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. அம்மா வாரி எடுத்துவிட்டு மூன்றாவது ஈட்டைப் போட்டாள். அதுவும் பிளந்துகொண்டது. எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சுளித்துவிட்டு, உடனே சுளிக்காததுபோல் வைத்துக்கொண்டார்.

பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த அக்காவிடம் சொன்னார்: “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாவ? யாரு வயிறு எரியுதோ, அது இந்த எண்ணெயில வந்துல்லா வெடிக்கி.”

“அப்படியெல்லாம் இருக்காதுங்க்கா. மேல் மாவு தண்ணியாப் போச்சுங்களோ என்னமோ.”

“இல்லம்மா, உங்களுக்குத் தெரியாது. நம்ம நல்லாருக்கதப் பாத்துப் பொருமுத கண்ணு ஒண்ணு உள்ளுக்குள்ளயே இருந்தா எது வெளங்கும்? அந்தக் கண்ணு இந்த வீட்டுல இருக்கமட்டும் ஒண்ணும் உருப்படியா வராது.”

பெரியம்மா இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. ஆனால் எப்படியோ என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அம்மாவைப் பார்த்தேன். அவள் இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜல்லிக்கரண்டியால் எண்ணெயில் கிடந்த பயற்றுத்தூளை அரித்துக்கொண்டே இருந்தாள். முகம் கீழே தொங்கிவிட்டது. என் பிள்ளையின் கண் இப்படிப்பட்ட கண்ணாகப் போய்விட்டதே என்று வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். இனி அவள் எப்படி ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து பெரியம்மாவிடம் ஒன்றைக் கேட்பாள்? பலகாரம் நன்றாக வந்தால்தான் கேட்கமுடியும். நான் இங்கே இருக்கும்வரை அது நன்றாக வராது. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது.

பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே வந்தேன். அண்ணன், “எங்கடா போற?” என்றான். சும்மா என்றேன். அவன் கையில் இன்னொரு கொத்து இருந்தது.

இப்படித்தான் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகமுடியாது. அப்பா இருந்தால் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார், இல்லாவிட்டால் பூட்டு தொங்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, வீரபாண்டிப் பிரிவில் சிலரோடு சேர்ந்து ரூம் எடுத்து இருந்தார். கல்யாணம் ஆகாதவர். அவரிடம் பலகாரம் எதுவும் இருக்காது, ஆகவே கெடவும் கெடாது.

வழியில் ஒரு பஜ்ஜிக்கடை. வாணலியில் பஜ்ஜிகள் உப்பி மிதந்தன. கடைக்காரர், “என்ன கண்ணு, வேணுமா?” என்றார். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மனுஷனின் பிழைப்பைக் கெடுப்பானேன்? கண்ணை மூடிக்கொண்டே நடந்ததில் ஒரு சைக்கிள்மேல் மோதி, அந்தச் சைக்கிள்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அதன் பிறகு பேக்கரிகளில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த கிறிஸ்துமஸ் கேக்குகளைத் தாண்டும்போதெல்லாம் தரையைப் பார்த்து நடந்தேன். இத்தனை பொறுப்போடு நடந்துவந்தும் உள்ளே பொறாமை மட்டும் குறையவில்லை. இந்நேரம் அவன் எத்தனையாவது கொத்தைத் தின்பான், அம்மா மறுபடியும் ராசா என்றிருப்பாளா என்றே ஓடிக்கொண்டிருந்தது.

மாமா அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னையும் என் காலையும் பார்த்தார்.

“என்ன மருமவனே, வீட்டவிட்டு ஓடியாந்துட்டியளோ? ஓடுதவன் செருப்பப் போட்டுட்டுல்லா ஓடணும்.”

சும்மா வந்தேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. குளிக்கச் சொல்லி, சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, பெரியப்பா வீட்டுக்குப் போன் செய்தார். அம்மா அந்தப் பக்கம் அழுதுகொண்டே திட்டுவது வெளியே எனக்குக் கேட்டது. “இங்கனதான் இருக்கான்க்கா. நல்லா முழுங்குதான். ஒண்ணும் ஆவல, நீ அழாத” என்றார் மாமா.

நான் அவர் கையைப் பிடித்து, “முந்திரிக்கொத்து இப்ப வெடிக்காம வருதான்னு கேளுங்க” என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எக்கா, ஒம்மவன் கேக்கான், முந்திரிக்கொத்து வெடிக்காம வருதான்னு.” பதிலைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார். “நல்லா வருதாம்ல. சட்டி நெறைய சுட்டாச்சாம். போதுமா?”

போதும். எனக்கு இனிமேல் சந்தேகமே இல்லை. நான் கிளம்பினேன், பலகாரம் வாய்த்துவிட்டது. எல்லாம் முடிகிற வரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஏன் என்று அம்மா கேட்கச் சொன்னாளாம். சும்மா என்றேன்.

வேகாத பாகில் பிசைந்த உருண்டை, உட்கார உட்கார இளகிவிடும் என்பதும், இளகிய உருண்டை சூட்டெண்ணெயில் பிளந்துகொள்ளும் என்பதும், சில வருஷம் கழித்துச் சிவகாசியில் ஒரு பலகாரக் கடையில் வேலை செய்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. முதல் ஈட்டு உருண்டைகள் பிடித்த கையோடு எண்ணெயில் விழுந்தவை, அதனால் தப்பித்தன. நான் போன பிறகு அம்மா புதிதாகப் பாகு காய்ச்சியிருக்கிறாள். பெரியம்மா அப்போது கரண்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாராம்.

இன்னொன்று புரிய அதைவிட நாளாயிற்று. பெண்கள் ஓர் ஆளிடம் சொல்லவேண்டியதை இன்னோர் ஆளிடம் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெரியவர்களின் ஜாடைப்பேச்சில் சிறுபிள்ளைகளுக்கு இடமே கிடையாது. பெரியம்மா அன்று என்னை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார். அவர் சொன்ன கண் அம்மாவின் கண். அம்மாவுக்கு அது முதல் சொல்லிலேயே தெரிந்திருக்கிறது. பாகு யாருடையது என்று திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கேட்கமுடியாது. அதனால்தான் எண்ணெயை அரித்துக்கொண்டிருந்தாள். அந்த மாடிவீட்டையும் டைல்ஸையும் பார்த்து அவளுக்கு உண்மையிலேயே வயிறு எரிந்ததா? எரிந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. அந்தப் பின்பக்கத்தில் அன்று வயிறு எரியாமல் இருந்தவன் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பேச்சை எடுத்தபோது, “ஒம்மவன்தான் வேலைக்குப் போயிட்டானாமே, நல்லதுதானட்டி, அவன் வழிய அவனே பாத்துக்கிட்டான்” என்றாராம் பெரியம்மா. இதை அம்மா ஒரே ஒரு தடவை, பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். என்மேல் குறையாகச் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது, நான் மாமாவிடம் வந்ததற்கு மறுநாள் காலை. ஒற்றையாக ரூமில் கிடந்து என்ன செய்வாய், லீவுதானே, கூட வா என்று மாமா தன் கம்பெனிக்கு அழைத்துப் போனார். ஏற்றுமதி சரக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாராச்சும் வந்து கேட்டா, மாமனுக்குச் சோறு கொண்டாந்தேன்னு சொல்லோணும், சரியா?” என்றார். சரிங்க என்றேன். கைமடியாகப் போட்டார்கள். தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டிய துணியை ஓரம் சேர்த்து எடுத்துக் கொடுக்கவேண்டும், தைத்து விழுவதை வாங்கி அடுக்கவேண்டும்.

என் மிஷினில் இருந்தது குண்டடத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிற ஓர் அக்கா. குழந்தைகளுக்கான பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கோடம் போகலியா சாமி?”

“லீவுங்க்கா.”

“எது வரைக்கும்?”

“பலகாரம் சுட்டு முடியற வரைக்கும்.”

அவர் சிரித்ததில் தையல் கோணியது. “உன்ற ஊட்ல லீவு உடறதே பலகாரத்துக்குத்தானா?” என்று சொல்லிவிட்டுப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

டீ நேரத்தில் எல்லோருக்கும் ஒரு டீயும் ஒரு பன்னும் வந்தது. ஒடிசாவிலிருந்து வந்த அண்ணன்களுக்கும் அதே பன், அக்காவுக்கும் அதே பன், எனக்கும் அதே பன். ஒருவர் பன் இன்னொருவர் பன்னைவிடப் பெரியதாக இல்லை. நான் ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். யாரைப் பார்த்தும் எனக்கு வயிறு எரியவில்லை. இவ்வளவு நல்ல இடம் இருப்பது தெரியாமல் இத்தனை நாளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்தது. அக்கா மிஷினை மிதித்தார். நான் அடுத்த துணியை ஓரம் சேர்த்து நீட்டினேன்.